ரப்பர் பாலில் பிறந்த அரக்கன்

நாடகத்துக்கு ஒரு பூதம் வேண்டும் என்று தரம் 10 பிள்ளைகள் முடிவெடுத்த நாளிலிருந்து எமது பாடசாலையின் பின் விறாந்தை குப்பைமேடு மாதிரித்தான் கிடக்கிறது. டீவி வந்த ரெஜிபோம், முட்டை மட்டை, சீமெந்துப் பை, பழைய சைக்கிள் டியூப், கோழிக்கூட்டு வலை. ஒரு பிள்ளையின் உம்மா பழைய மெத்தை ஸ்பொன்ஜையும் கழுவிக் காயவைத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் பார்த்த இரண்டொரு வாப்பாமார் கேட்டார்கள்: "சேர், அடுத்த வருசம் ஓ லெவல் எடுக்கிற பிள்ளைகள். இது என்ன விளையாட்டு?"

நேரில் சுருக்கமாகத்தான் பதில் சொன்னோம். நீளமான பதில் இது. வரலாறு படிப்பிக்கிற ஆட்களிடம் கேட்டால் இப்படித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் போனில் பார்க்கும் கொட்சில்லாவை எல்லோருக்கும் தெரியும். கடலுக்குள்ளிருந்து எழும்பி வந்து பட்டணத்தை மிதித்து நசுக்கும் அந்தப் பெரிய பிராணி. இப்போது அதைக் கம்பியூட்டரில் செய்கிறார்கள். 1954ஆம் ஆண்டு முதன்முதலாக ஜப்பானியத் திரையில் வந்தபோது அது ஓர் உடுப்பு. எங்கள் விறாந்தையில் கிடக்கும் பொருட்களுக்கும் அந்த உடுப்புக்குள் போன பொருட்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மூங்கில், கம்பி, கம்பி வலை, துணி, ரப்பர் பால். அவ்வளவுதான்.

ஆனால் அந்த உடுப்பு ஏன் வந்தது என்று விளங்க, முதலில் ஒரு மீன்பிடி வள்ளத்தின் கதையைச் சொல்லவேண்டும். கடற்கரையில் இருக்கும் நமக்கு அது விளங்காத கதையுமல்ல.

1954 மார்ச் 1ஆம் திகதி, பசிபிக் கடலில் பிக்கினி என்ற தீவுக்கூட்டத்தில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டை வெடித்துப் பரிசோதித்தது. கணக்குப் போட்டவர்கள் எதிர்பார்த்தது சுமார் 6 மெகாதொன். வெடித்தது 15 மெகாதொன். ஹிரோஷிமாவில் விழுந்த குண்டைப்போல ஆயிரம் மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அந்நேரம் அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 160 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு ஜப்பானிய வள்ளம் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. பெயர் 'டைகோ ஃபுகுரியு மாரு', அதாவது 'ஐந்தாம் அதிர்ஷ்ட நாகம்'. அதில் 23 பேர். அமெரிக்கா அறிவித்திருந்த ஆபத்து எல்லைக்கு வெளியில்தான் நின்றார்கள். விடியுமுன் மேற்குப் பக்கத்தில் சூரியன் உதித்தது மாதிரி வெளிச்சம். கொஞ்சம் பிந்தி இடி போன்ற சத்தம். பிறகு வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டத் தொடங்கியது. மணிக்கணக்காகக் கொட்டியது. பவளப்பாறை எரிந்த சாம்பல் அது. தலையில், தோளில், வலையில், பிடித்த மீனில் எல்லாம் படிந்தது. என்னவென்று தெரியாமல் கையால் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

யாய்சு என்ற சொந்தத் துறைமுகத்துக்கு மார்ச் 14ஆம் திகதி வந்து சேரும்போது தோல் கறுத்துக் கொப்புளம் போட்டிருந்தது, முடி உதிர்ந்தது. அவர்கள் கொண்டுவந்த மீன் அதற்குள் சந்தைக்குப் போய்விட்டது.

செய்தி பத்திரிகையில் வந்தவுடன் ஜப்பான் முழுக்க மீன் வாங்க ஆளில்லை. டோக்கியோவின் சுக்கிஜி மீன் சந்தையில் சூரையைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அந்த வருடத்துக்குள் 800க்கும் மேற்பட்ட வள்ளங்களின் மீனைச் சோதித்துப் பார்த்து எறியவேண்டி வந்தது. மீன் வியாபாரம் செய்கிற குடும்பங்கள் நம்மில் எத்தனை. ஒரு கிழமை சந்தை படுத்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. டோக்கியோவின் சுகினாமி பகுதியில் மீன் கடைக்காரர்களும் வீட்டுப் பெண்களும் சேர்ந்து, ஐதரசன் குண்டு வேண்டாம் என்று கையெழுத்துச் சேர்க்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஆகஸ்ட் ஆகும்போது நாடு முழுக்க மூன்று கோடிக்கு மேல் கையெழுத்து சேர்ந்திருந்தது. இதைத் தொடங்கியவர்கள் அரசியல்வாதிகளல்லர் என்பதைக் கவனியுங்கள்.

இதே மாதங்களில்தான் தோஹோ என்ற சினிமாக் கம்பனியின் தயாரிப்பாளர் தொமொயுகி தனக்காவுக்கு ஒரு பெரிய சிக்கல். இந்தோனேசியாவோடு கூட்டுச் சேர்ந்து எடுக்கவிருந்த படம் நின்றுபோனது. போர்க்காலத்தில் ஜப்பான் அந்த நாட்டைப் பிடித்து வைத்திருந்த காயம் ஆறியிருக்கவில்லை. இந்தோனேசிய அரசு நடிகர்களுக்கு விசா கொடுக்கவில்லை. வெறுங்கையோடு விமானத்தில் திரும்பும்போது கீழே கடலைப் பார்த்த தனக்காவுக்கு, இந்தக் குண்டு கடலடியில் தூங்கிய ஏதாவதொன்றை எழுப்பிவிட்டால் என்ற எண்ணம் வந்தது என்று சொல்வார்கள். அந்தப் பிராணிக்கு 'கொஜிரா' என்று பெயர் வைத்தார்கள். கொரில்லாவுக்கான ஜப்பானியச் சொல்லையும் திமிங்கிலத்துக்கான 'குஜிரா' என்ற சொல்லையும் ஒட்டிய பெயர்.

இயக்குநர் இஷிரோ ஹொண்டா. பலமுறை படைக்கு அழைக்கப்பட்டு, சீனாவில் கைதியாக இருந்து, போர் முடிந்தபின் 1946இல் ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் இடிபாடுகளைத் தன் கண்ணால் பார்த்தவர். விசேட காட்சிகளுக்குப் பொறுப்பு எய்ஜி சுபுரயா. இவர் கதை கொஞ்சம் சிக்கலானது. போர்க்காலத்தில், 1942இல், பேர்ல் துறைமுகத் தாக்குதலைச் சிறிய மாதிரிக் கப்பல்கள் வைத்துப் பிரசாரப் படமாக எடுத்துக் கொடுத்தவர் இவர்தான். அந்தத் தாக்குதலை நடத்திய அதே விமானந்தாங்கிக் கப்பல் அணியின் விமானங்கள்தான் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் குண்டு போட்டன. "ஜப்பான்காரன் குண்டு போட்ட காலம்" என்று நம் மூத்தவர்கள் சொல்வது இதைத்தான். ஆகவே கொட்சில்லாவைச் செய்தவர்கள் ஒன்றுமறியாத அப்பாவிகள் என்று எழுத எங்களுக்கு மனமில்லை. அடித்த கையும் அடிபட்ட உடம்பும் ஒரே நாட்டில், சிலவேளை ஒரே ஆளிடத்தில் இருந்தன. அந்தப் படத்துக்குள் கிடக்கும் பாரம் அதுதான் என்பது எங்கள் எண்ணம்.

இனி உடுப்புக்கு வருவோம்.

சுபுரயா முதலில் செய்ய ஆசைப்பட்டது வேறு முறை. 1933இல் வந்த 'கிங் கொங்' படத்தில், சிறு பொம்மையைக் கொஞ்சம் அசைத்து ஒரு படம், இன்னும் கொஞ்சம் அசைத்து இன்னொரு படம் என்று எடுத்துக் கோர்த்திருந்தார்கள். அந்தப் படம் பார்த்துத்தான் அவர் இந்தத் தொழிலில் இவ்வளவு ஆழமாக இறங்கினார். ஆனால் அந்த முறையில் இந்தக் கதையை எடுத்தால் ஏழு வருடம் செல்லும் என்றார். கம்பனி கொடுத்தது சில மாதங்கள். சரி, ஓர் ஆளுக்கு உடுப்புப் போட்டு நடக்க விடுவோம் என்று தீர்மானித்தார்கள். இல்லாமையில் எடுத்த முடிவு.

தெய்சோ தொஷிமித்சு என்ற சிற்பி களிமண்ணில் சின்ன மாதிரிகள் செய்தார். ஆரம்பத்தில் ஒரு படக்கலைஞர், அணுகுண்டுப் புகைக் காளான் போன்ற தலையோடு ஒரு வடிவம் வரைந்து கொடுத்திருந்தார், அது எடுபடவில்லை. பிறகு டைனோசர்களின் உடம்பும், முதுகில் தட்டுத் தட்டாக நிற்கும் செதில்களும் சேர்ந்தன. தோலுக்கு மூன்று மாதிரி செய்து பார்த்தார்கள். மீன் செதில் போல ஒன்று, மருக்கள் போல ஒன்று, முதலைத் தோல் போலக் கரடுமுரடாக ஒன்று. மூன்றாவதைத் தெரிவு செய்தார்கள். ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் தப்பியவர்களின் உடம்பில் தீக்காயம் ஆறியபின் தடித்து எழும்பி நின்ற தழும்பை ஒத்தது அந்தத் தோல். திரையில் வந்தபோது ஜப்பானியருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்தத் தழும்போடு பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களை அவர்கள் பார்த்திருந்தார்கள்.

நிறமும் அப்படித்தான். பிற்காலத்துப் போஸ்டர்களில் பச்சையாகக் காட்டுவார்கள். அந்த உடுப்பு கரிச் சாம்பல் நிறம்.

செய்த விதத்தைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்களுக்கு உடனே பிடிபட்டது. மூங்கிலாலும் கம்பியாலும் எலும்புக்கூடு. அதன்மேல் கம்பி வலை. உள்ளே ஆளுக்குக் குத்தாமல் மெத்தை. வெளியே துணி, அதன்மேல் ரப்பர் பால் பூச்சு. ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது. காய்வதற்குள் தோலின் மேடு பள்ளங்களை உருவாக்கவேண்டும். தொஷிமித்சுவோடு வேலை செய்த யாகி சகோதரர்கள் சினிமாவுக்கென்று படித்தவர்களல்லர். செவ்வந்திப் பூக்களால் உடை தைத்துத் திருவிழாக்களில் நிறுத்தும் பெரிய பொம்மைகள் ஜப்பானில் உண்டு. அந்தத் தொழிலிலிருந்து வந்த கை அவர்களுடையது. மூங்கிலையும் கம்பியையும் வளைத்து ஆள் உயர உருவம் கட்டுவது அவர்களுக்குப் பழகிய வேலை.

களுத்துறை மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ரப்பர் பாலைப் பற்றிப் படிப்பிக்க முடியுமா? அதிகாலையில் சிரட்டை சிரட்டையாகச் சேர்த்த பால் எவ்வளவு சீக்கிரம் உறையும், கையில் பட்டால் எப்படித் தோலோடு தோலாக ஒட்டும், வெயிலில் கிடந்தால் எப்படி வெடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டு விடயம். ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அதை உடம்போட ஒட்டிப் பூசி மூடினா மூச்சு விடேலுமா?"

நல்ல கேள்வி. முடியவில்லை என்பதுதான் பதில்.

முதலில் செய்த உடுப்பு ஏறத்தாழ 100 கிலோ பாரம். காய்ந்தபின் பலகை மாதிரி விறைத்து நின்றது. உள்ளே போனவர் ஹருஓ நக்கஜிமா, 25 வயது சண்டை நடிகர். அதே வருடம் வந்த 'ஏழு சாமுராய்' படத்தில் கொள்ளைக்காரரில் ஒருவராக வந்தவர். அந்த உடுப்போடு அவரால் பத்து மீற்றர் நடப்பதே பெரும்பாடாக இருந்தது. அதை எறிந்துவிட வசதி இருக்கவில்லை. இடுப்போடு வெட்டி, காலை மட்டும் காட்டும் காட்சிகளுக்குத் தோள்வார் போட்டுக் கட்டிப் பயன்படுத்தினார்கள். இன்னொரு உடுப்பைக் கொஞ்சம் இளகலாகச் செய்தார்கள். அதுவும் பாரம்தான்.

உள்ளே போவது முதுகுப் பக்கத்தால். அரக்கனின் தலை நடிகரின் தலைக்கு மேலே இருக்கும். கழுத்தில் போட்ட சின்னத் துவாரங்களால்தான் வெளியே பார்க்கவேண்டும். வாலை மேலிருந்து கம்பி கட்டி வேறு ஆட்கள் ஆட்டினார்கள். ஆகஸ்ட் மாதத்து வெக்கை, மேலே விளக்குகளின் சூடு, சுற்றிலும் எரியும் மண்ணெண்ணெய்ப் புகை. கழற்றியபின் உள்ளே இருந்து வியர்வையைப் பிழிந்து கொட்டினார்கள். நக்கஜிமாவோடு மாறி மாறி அணிந்த கட்சுமி தெசுகாவும் உள்ளே மயங்கியிருக்கிறார். இத்தனைக்கும் நடுவில் நக்கஜிமா உவேனோ மிருகக்காட்சிச்சாலைக்குப் போய் யானையும் கரடியும் காலை எப்படித் தூக்கி வைக்கின்றன என்று பார்த்துக்கொண்டு நின்றார். பெரிய பிராணி அவசரப்படாது என்பதை அங்கே கற்றுக்கொண்டார். 1972 வரை பன்னிரண்டு படங்களில் அவர்தான் கொட்சில்லா. 2017இல் காலமானார்.

அவர் மிதித்த டோக்கியோவை 25இல் ஒரு பங்கு அளவில் கட்டினார்கள். எந்தெந்தக் கட்டடத்தை எரிப்பது என்று ஒரு கடைத்தொகுதியின் மொட்டை மாடியில் நின்று ஹொண்டாவின் ஆட்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்ட யாரோ பொலிசுக்குச் சொல்ல, பிடித்து விசாரித்தார்களாம். போர் முடிந்து ஒன்பது வருடம்தான், பயப்படாமல் என்ன செய்வார்கள்! உறுமல் சத்தம்கூடக் கைவேலைதான். இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் ஒரு பெரிய தந்தி வாத்தியத்தின் தந்தியை உரசி எடுத்த சத்தம் அது. மிருகங்களின் சத்தத்தைப் பதிவு செய்து பார்த்து, எதுவும் பொருந்தாமல்தான் இதற்கு வந்தார்கள்.

இங்கே கொஞ்சம் நம் பக்கம் திரும்பிப் பார்க்கலாம். காலி வீதியால் போகும்போது அம்பலாங்கொடையில் கடைகளின் முன்னால் தொங்கும் முகமூடிகளை எத்தனை தடவை பார்த்திருப்போம். 'கதுரு' மரத்தில் செதுக்குகிறார்கள். பாரமில்லாத மரம், தலையில் கட்டி ஆடலாம். உல்லாசப் பயணிகள் வாங்கிப்போய் சுவரில் மாட்டுவதற்கு முன் அவற்றுக்கு வேறு வேலை இருந்தது. சிங்களக் கிராமங்களில் 'சன்னி யகும' என்ற சடங்கில் பதினெட்டு நோய்களுக்குப் பதினெட்டு முகங்கள். காய்ச்சலுக்கு ஒன்று, குருடுக்கு ஒன்று, செவிடுக்கு ஒன்று. வாய் கோணிய முகம், புடைத்த கண், வெளுத்த தோல். நோய் எப்படி மனிதனின் முகத்தை மாற்றியதோ அதைப் பார்த்துத்தான் செதுக்கினார்கள். உடுப்புக்கு இலையும் குருத்தோலையும் போதும். அந்த நம்பிக்கை நம்முடையதல்ல, அதைப் பற்றி இங்கே விவாதிக்கவும் வரவில்லை. ஆனால் பக்கத்து ஊர்க்காரன் தன்னை வாட்டியதற்கு ஒரு முகம் செய்து, அதை எல்லோர் முன்னாலும் ஆடவைத்து, பிறகு போ என்று அனுப்பியிருக்கிறான் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். டோக்கியோவில் 1954இல் நடந்ததும் ஒரு வகையில் அதுதான், அனுப்பத்தான் முடியவில்லை.

அந்த வள்ளத்தில் வானொலி இயக்குபவராக இருந்த ஐகிச்சி குபொயாமா செப்டெம்பர் 23ஆம் திகதி வைத்தியசாலையில் இறந்தார். வயது 40. ஐதரசன் குண்டுக்குப் பலியாகும் கடைசி ஆள் தானாக இருக்கவேண்டும் என்று அவர் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அந்த நாளிலும் தோஹோ கலையகத்தில் கொட்சில்லாவின் காட்சிகள் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தன. படம் நவம்பர் 3ஆம் திகதி வெளியானது. தொடக்கக் காட்சியே கடலில் ஒரு கப்பல், ஒரு வெளிச்சம், எரியும் ஆட்கள். இடிந்த நகரத்தில் ஒரு தாய் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சீக்கிரம் வாப்பாவிடம் போய்விடுவோம் என்று சொல்லும் ஒரு காட்சி வரும். வைத்தியசாலையில் ஒரு சின்னப் பிள்ளையின் முன்னால் கதிர்வீச்சு அளக்கும் கருவியைப் பிடிக்க, அது சத்தம் போடும். திரையரங்குகளில் ஆட்கள் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். ரப்பர் உடுப்பைப் பார்த்து அழுதார்கள் என்று இன்று சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

1956இல் இந்தப் படம் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே ஓர் அமெரிக்க நடிகரைப் புதிதாகப் படம் பிடித்து நடுவில் ஒட்டினார்கள். குண்டைப் பற்றிய பேச்சில் நிறைய வெட்டுப்பட்டது. நாகசாகியில் தப்பி வந்தவள் நான் என்று ரயிலில் ஒரு பெண் சொல்லும் இடம் போனது. மிஞ்சியது உடுப்பு மாத்திரம், ஒரு பெரிய பல்லி. வெட்டாத படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு முறையாக வந்தது 2004இல். ஐம்பது வருடம் கழித்து. உலகின் பெரும்பகுதி பல காலம் சிரித்துக்கொண்டு பார்த்தது அந்த வெட்டிய படத்தைத்தான். எங்கள் வகுப்பில் இந்த இடத்துக்கு வந்தபோது யாரும் எதுவும் பேசவில்லை. காயத்தைக் கழற்றிவிட்டு வேசத்தை மட்டும் விற்கலாம் என்பது நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஏன் அவ்வளவு சீக்கிரம் விளங்கியது என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆகவே வாப்பாமாரே, விறாந்தையில் நடப்பது இதுதான். பூதத்தைப் போனில் பார்த்து அப்படியே செய்யவேண்டாம் என்று சொல்லியிருக்கிறோம். உங்களுக்கு எது பயமோ அதற்குத் தோல் செய்யுங்கள் என்றோம். முதல் இரண்டு நாள் ஆளையாள் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மூன்றாம் நாள், 2016, 2017 வெள்ளங்களில் ஊருக்குள் தண்ணீர் வந்ததைச் சொல்லி ஒரு பிள்ளை ஆரம்பித்தாள். இப்போது பூதத்தின் உடம்பு முழுக்க வெள்ளத்தில் ஊறிக் காய்ந்த அப்பியாசக் கொப்பிகளின் தாள். சுருங்கி, மை கரைந்து, பழுப்பாக. யாருடைய யோசனை என்று கேட்டால் நான் நீ என்று சண்டை பிடிக்கிறார்கள். கொப்பி போதவில்லை. வீட்டில் அப்படியானவை இருந்தால் கொடுத்தனுப்புங்கள். சைக்கிள் டியூப் போதும், இனி வேண்டாம்.

அந்த வள்ளத்துக்கு என்ன நடந்தது என்று சிலர் கேட்கலாம். அமெரிக்கா 1955 ஜனவரியில் இருபது இலட்சம் டொலர் கொடுத்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு கொடுத்த நட்டஈடு அல்ல என்று சொல்லியே கொடுத்தது. தப்பியவர்களில் ஒருவரான மத்தஷிச்சி ஓஇஷி ஊரில் ஆட்களின் பார்வையைத் தாங்கமாட்டாமல் டோக்கியோ போய் ஒரு லோன்றி நடத்தினார். பல வருடம் வாய் திறக்கவில்லை. பிறகு பாடசாலை பாடசாலையாகப் போய்ப் பிள்ளைகளிடம் சொல்லத் தொடங்கி, நூற்றுக்கணக்கான தடவை பேசி, 2021இல் காலமானார். வள்ளத்தைக் கழுவித் திருத்திப் பெயரை மாற்றி, பயிற்சிக் கப்பலாக ஓடவிட்டார்கள். கடைசியில் டோக்கியோவின் குப்பை கொட்டும் இடமான யுமேனோஷிமாவில் கைவிடப்பட்டுக் கிடந்தது. 1968இல் ஓர் இளைஞர் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தைப் பார்த்து மக்கள் காசு சேர்த்து அதைக் காப்பாற்றினார்கள். குப்பைமேடு இப்போது பூங்கா. 1976இலிருந்து அங்கே ஒரு மண்டபத்துக்குள் அந்த மர வள்ளம் நிற்கிறது. பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாகப் போய்ப் பார்க்கிறார்கள்.